பருப்பு வேகும் தண்ணீர், சோப்பு நுரைக்கும் தண்ணீர்

வட்டக் கட்டியாக வரும் ஷேவிங் சோப்புக்கு மறுபடியும் மவுசு வந்திருக்கிறது. நடுவில் அது எங்கும் போய்விடவில்லை. சலூன்களிலும் சிற்றூர்க் கடைகளிலும் இருந்துகொண்டேதான் இருந்தது. இப்போது புதிதாக நடப்பது, படித்து நல்ல வேலையில் இருக்கும் இளைஞர்கள் அதைத் தேடி வாங்குவது. என் அப்பா தலைமுறையில் மாதச் சம்பளக்காரர் வீட்டில் சிக்கனத்துக்காக வாங்கிய பொருள், இன்று மரக்கிண்ணமும் பிரஷ்ஷுமாகப் பரிசுப் பெட்டியில் ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விலை போகிறது. இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. நல்ல பொருள் எந்த வழியாகத் திரும்பி வந்தாலும் வரவேற்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சோப்பைச் சென்னையில் என் வீட்டுக் குழாய்த் தண்ணீரில் குழைத்துப் பார்த்த பிறகு, அதோடு சேர்ந்து திரும்பி வராத ஒன்றைப் பற்றி எழுதத் தோன்றியது. அது தண்ணீர்.

எழுபதுகளில் எங்கள் வீடு திருநெல்வேலியில், தாமிரபரணிக்குப் பக்கத்தில் இருந்தது. வீட்டில் இரண்டு விதத் தண்ணீர் புழங்கும். கொல்லைக் கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரிக்கும். பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்க, வாழைக்குப் பாய்ச்ச அது. குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும். இதில் ஆச்சி மிகவும் கறார். கிணற்றுத் தண்ணீரில் துவரம்பருப்பை எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டாலும் விதை விதையாகவே நிற்கும் என்பது அவள் அனுபவம். அதனால் பருப்புக்கென்று ஒரு செப்புத் தவலையில் ஆற்றுத் தண்ணீரைப் பிடித்து, தட்டுப் போட்டு மூடி வைத்திருப்பாள். அப்பா ஷேவ் பண்ண உட்கார்ந்தால் வெந்நீர் வைப்பதும் அந்தத் தவலையிலிருந்துதான்.

"ஏலே, கிணத்துத் தண்ணிய மோந்துட்டுப் போயிராத. உங்கப்பனுக்குப் பருப்புத் தண்ணியிலதான் கொடுக்கணும். அதுலதான் சோப்பு பொங்கும்" என்பாள் என்னிடம்.

அப்பா ஜன்னல் கம்பியில் கண்ணாடியைச் சாய்த்து வைப்பார். பக்கத்தில் வெந்நீர்ச் செம்பு, ஒரு பித்தளைக் கிண்ணத்தில் சோப்புக் கட்டி, பிரஷ், மூன்று துண்டாகக் கழற்றி மாட்டும் ஷேவிங் செட், படிகாரக் கல். முதலில் பிரஷ்ஷை வெந்நீரில் போட்டுவிட்டு முகத்தை நன்றாகக் கழுவுவார், துடைக்க மாட்டார். பிறகு பிரஷ்ஷை எடுத்து ஒரு உதறு உதறி, சோப்புக் கட்டியின் மேல் வட்டமாகச் சுழற்றுவார். முதலில் பெரிய பெரிய குமிழாக வரும். அதோடு நிறுத்துகிற ஆள் இல்லை அவர். பிரஷ்ஷை முகத்துக்குக் கொண்டுபோய், தாடையில் வட்டமாகத் தேய்த்து, நுனியை மட்டும் தண்ணீரில் தொட்டு, மறுபடி தேய்த்து, மறுபடி தொட்டு, மெல்ல மெல்லத் தண்ணீரை உள்ளே கொடுப்பார். குமிழ்கள் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குத் தெரியாமல் சிறுத்து, கடைந்த தயிரைப் போலக் கெட்டியாகிப் பளபளக்கும்போதுதான் செட்டைக் கையில் எடுப்பார். பிளேடு அழுத்தமில்லாமல் தன் எடையிலேயே இறங்கும். முதலில் மயிர் வளரும் வாக்கில் ஒரு முறை. திரும்ப நுரை பூசிக் குறுக்குவாக்கில் ஒரு முறை. முடிந்ததும் முகத்தைக் கழுவிப் படிகாரத்தை ஈரத்தோடு தேய்ப்பார். பிரஷ்ஷை நன்றாக உதறி ஆணியில் தொங்கவிடுவார். சோப்பைத் தண்ணீர் வடியச் சாய்த்து வைப்பார். ஒரு கட்டி மாதக்கணக்கில் வரும்.

டோபாஸ், பாரத், செவன் ஓ கிளாக் என்று மெழுகுத்தாளில் சுற்றி வந்த அந்த பிளேடுகளுக்குத் தாடியோடு வேலை முடிந்துவிடாது. மழுங்கிய பிளேடு பென்சில் சீவவும், தையல் பிரிக்கவும், நகம் வெட்டவும் போகும்.

அந்தக் காலம் எல்லாவற்றிலும் நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். அதற்கும் முந்தைய தலைமுறையில் ஷேவிங் என்பது நாவிதர், வீட்டுக் கொல்லைப்புறமாக வந்து செய்துவிட்டுப் போகிற வேலை. ஊர் முழுக்கச் சவரம் செய்தவருக்குக் கூலி, அறுப்பு முடிந்ததும் களத்தில் அளந்து போடும் நெல். முன்வாசலில் அவருக்கு இடமில்லை. இன்னொரு சாராருக்கோ சாதியின் பெயரால் அவருடைய கத்தியே மறுக்கப்பட்டது. 1903-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ஜில்லெட்டின் செட்டும், முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைவீரர்களுக்காக வாங்கப்பட்ட 35 லட்சம் செட்டுகளும் உலகெங்கும் ஆண்களை வீட்டிலேயே தாங்களாக ஷேவ் செய்துகொள்ளப் பழக்கின. நம் பக்கம் அந்தப் பழக்கம் வந்தபோது அதில் ஒரு சமூக விடுதலையும் கலந்திருந்தது. காசு கொடுத்து நாற்காலியில் உட்காரும் சலூனும், கையில் ஒரு செட்டும், கொல்லைப்புற உறவை மெல்ல அறுத்தன.

சுகாதாரத்திலும் அப்படித்தான். முதல் உலகப்போர்க் காலத்தில் சரியாகச் சுத்தம் செய்யப்படாத குதிரைமயிரில் செய்த பிரஷ்களால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ஆந்த்ராக்ஸ் நோய் வந்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். நான் சிறுவனாக இருந்தபோது சலூனில் ஒரே கத்தியைத் தோல்வாரில் தீட்டித் தீட்டி எல்லோருக்கும் போட்டார்கள். எய்ட்ஸ் விழிப்புணர்வு பரவிய பிறகு, பாதி பிளேடைச் செருகி ஒருவருக்கு ஒன்று என்று தூக்கிப்போடும் கத்தி வந்தது. இவை முன்னேற்றங்கள். இவற்றை விட்டுக்கொடுத்துவிட்டுப் பழையதைக் கொண்டாட எனக்கு விருப்பமில்லை.

சோப்பு விஷயம் வேறு. அதை நாம் கைவிட்டது கெடுதல் என்பதால் அல்ல, நேரமாகிறது என்பதால். எண்பதுகளில் டியூப் கிரீம் எங்கள் வீட்டுக்கும் வந்துவிட்டது. பிறகு பொத்தானை அழுத்தினால் நுரையாகவே வெளிவரும் டப்பா வந்தது. ஒற்றை பிளேடு இரண்டாகி, மூன்றாகி, ஐந்தாகி, பிளாஸ்டிக்கும் இரும்பும் பிரிக்க முடியாமல் ஒட்டிய தலையாக மாறி, குப்பைக்குப் போக ஆரம்பித்தது. நானும் இவை எல்லாவற்றோடும் பல ஆண்டுகள் வாழ்ந்தேன்.

போன வருஷம் வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் ஒரு டப்பா கொண்டுவந்து கொடுத்தார். "மாமா, நீங்க அடிக்கடி சொல்வீங்களே, தாத்தா சோப்பு. அந்த மாதிரி" என்றார். இத்தாலியில் 1948 முதல் விற்கும் பிரோராசோ. மூடியைத் திறந்ததும் யூகலிப்டஸும் மென்தாலும் மூக்கில் ஏறின. இங்கே கிடைக்கும் கோத்ரெஜ் வட்டக் கட்டி ஒன்றையும், ஒரு பிரஷ்ஷையும், பழைய மாதிரி செட்டையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இந்தச் சோப்பு குளியல் சோப்பிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்பதை அப்பா எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார். அவர் பள்ளியில் வேதியியல் வாத்தியார். எண்ணெயையும் கொழுப்பையும் காரத்தோடு சேர்த்தால் சோப்பு. சோடியம் காரத்தில் செய்தால் கெட்டியாக, மெதுவாகக் கரையும் குளியல் கட்டி. பொட்டாசியம் காரம் கலந்தால் இளகலாக, கொஞ்சம் தண்ணீருக்கே கரைந்து கொடுக்கும். ஷேவிங் சோப்பில் பொட்டாசியம்தான் முக்கியம். தேங்காயெண்ணெய் நுரையைச் சட்டென்று எழுப்பும். ஆனால் அந்த நுரை நிற்காது. ஸ்டியரிக் அமிலம் மெதுவாக எழுப்பும். எழுந்த நுரை சின்னக் குமிழாக, அடர்த்தியாக, கலையாமல் நிற்கும். கிளிசரின் ஈரத்தைப் பிடித்து வைக்கும். தாடி மயிர் காய்ந்திருக்கும்போது விறைப்பாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறினால் இளகிப் பிளேடுக்கு இணங்கும். நுரையின் முதல் வேலை அந்தத் தண்ணீரை வழிய விடாமல் முகத்திலேயே நிறுத்தி வைப்பது. வழவழப்பு அதற்கு அடுத்தது. ஆக, நல்ல நுரையில் பெரும் பங்கு தண்ணீருடையது.

அந்தத் தண்ணீர்தான் எங்கள் சென்னைக் குடியிருப்பில் இல்லை. கடற்கரையிலிருந்து அதிக தூரமில்லாத கட்டடம். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். அப்பா செய்த அதே வரிசையில் செய்தேன். குமிழ் எழுந்தது, கெட்டிப்படவில்லை. இடது கன்னத்தை முடித்து வலப்பக்கம் வருவதற்குள் அங்கே பூசிய நுரை உலர்ந்து, தோல் தெரிந்தது. செட்டை அலசிய குவளையின் விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம். பிரஷ்ஷின் அடியில் பிசுபிசுவென்று பிசிறு. கழுவிய பிறகும் முகத்தில் ஒரு இறுக்கம். சோப்பை மாற்றிக் கோத்ரெஜ் கட்டியில் குழைத்தாலும் அதே கதை. பிறகு குடிப்பதற்கு வாங்கும் கேன் தண்ணீரில் ஒரு குவளை சுட வைத்து அதில் பிரஷ்ஷைத் தோய்த்தேன். அதே சோப்பு, அதே கை. நுரை அப்பாவின் கன்னத்தில் நின்ற மாதிரி நின்றது.

பக்கத்துத் தெரு சலூன்காரர் சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். அவரிடம் சொன்னேன்.

"அண்ணாச்சி, இந்த ஏரியாத் தண்ணிக்கு எந்த சோப்பும் பிடிக்காது" என்றார். "நான் ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்துறதே கேன் தண்ணிதான். முகத்துக்கு மட்டும் அது. கழுவ, துடைக்க எல்லாம் போர். நம்ம ஊர்ல கடை வச்சிருந்தப்ப இந்தச் செலவே கிடையாது."

இதன் காரணத்தை அப்பா வகுப்பில் வருஷா வருஷம் செய்து காட்டுவார். ஒரே அளவான கண்ணாடிக் குப்பிகளில் மழைத் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், எங்கள் கொல்லைக் கிணற்றுத் தண்ணீர். பியூரெட்டிலிருந்து சோப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மூடிக் குலுக்கச் சொல்வார். நுரை சில நிமிடம் கலையாமல் நிற்க எத்தனை மில்லி செலவாகிறது என்று எழுத வேண்டும். மழைத் தண்ணீர் சில சொட்டிலேயே நுரைத்துவிடும். ஆற்றுத் தண்ணீருக்கு இன்னும் சற்று வேண்டும். கிணற்றுத் தண்ணீர் வெள்ளையாகத் திரிதிரியாகத் திரிந்து, சோப்பை விழுங்கிக்கொண்டே போகும். இந்தச் சோதனையை 1841-இல் வகுத்துக் கொடுத்தவர் ஸ்காட்லாந்தின் அபர்தீனில் வேதியியல் பேராசிரியராக இருந்த தாமஸ் கிளார்க். தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக் கரையாத பிசிறாக்கிவிடுகின்றன. அந்த உப்புகள் தீர்ந்த பிறகுதான் மிச்சச் சோப்புக்கு நுரைக்க வழி கிடைக்கும். அந்தப் பிசிறு, எழுந்த நுரையின் குமிழ்ச் சுவர்களையும் குலைக்கும். பருப்பு வேகாததற்கும் அதே கால்சியம்தான் காரணம். பருப்பின் செல்களை ஒட்டவைக்கும் பெக்டினை அது இறுக்கிவிடுகிறது. ஆச்சியின் தவலையும் அப்பாவின் குப்பியும் ஒரே உண்மையைச் சொல்லியிருக்கின்றன.

தாமிரபரணி பொதிகை மலையில் மழையாக இறங்கி, கெட்டிப் பாறைகளின் மேல் வேகமாக ஓடி வருவது. சுண்ணாம்பு கரைய அதற்கு இடமும் இல்லை, அவகாசமும் இல்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரோ மண்ணுக்கும் பாறைக்கும் நடுவே நெடுங்காலம் தங்கியிருந்து உப்புகளைச் சேர்த்துக்கொண்டது. சென்னை போன்ற கடலோர ஊரில் நாம் அளவுக்கு மேல் உறிஞ்ச உறிஞ்ச, காலியான இடத்துக்குக் கடல்நீரும் உள்ளே நகர்கிறது. வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் இது வெகுகாலமாகப் பதிவாகியிருக்கும் உண்மை. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், கால்சியம் மக்னீசியம் உப்புகளின் அளவான கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்கிறது. வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால், 300 மில்லிகிராம் கடினத்தன்மையுள்ள ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 2 கிராம் சோப்பை வீணாக்கும். 15 லிட்டர் வாளிக்கு 30 கிராம். அத்தனை சோப்பு சாக்கடைக்குப் போன பிறகுதான் அழுக்கு நீங்கத் தொடங்கும்.

இவ்வளவு பெரிய மாற்றம் நம் கண்ணில் படாமல் எப்படிப் போயிற்று என்று பல நாள் யோசித்தேன். பதில் நம் வீட்டு அலமாரிகளிலேயே இருக்கிறது. பிரஷர் குக்கர் வந்தது. எந்தத் தண்ணீரிலும் பருப்பு வெந்தது. இந்தியாவில் 1959-இல் சர்ஃப், 1969-இல் நிர்மா என்று சலவைத்தூள்கள் வந்தன. அவை சோப்பே அல்ல, கால்சியத்தோடு சேர்ந்து பிசிறாகாத செயற்கைப் பொருள்கள். உப்புத் தண்ணீரிலும் துணி வெளுத்தது. ஷாம்பூ தலைக்கு அதே வேலையைச் செய்தது. ஷேவிங் நுரை டப்பாவுக்குள் இருப்பது தொழிற்சாலையில் சுத்திகரித்த தண்ணீரிலேயே கலந்து அடைத்தது. நம் வீட்டுத் தண்ணீரை அது கேட்பதே இல்லை. குடிப்பதற்கு ஆர்.ஓ. இயந்திரமும் கேனும் வந்தன. ஒவ்வொன்றும் உண்மையிலேயே நமக்கு உதவிய பொருள்தான். ஆனால் தண்ணீர் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அடுப்படியிலும் துவைக்கிற கல்லிலும் தினம் தினம் கிடைத்துவந்த எச்சரிக்கையை ஒவ்வொன்றாக நிறுத்தியதும் இவைதான். ஆச்சிக்குத் தன் வீட்டுத் தண்ணீர் இரண்டின் குணமும் விரல்நுனியில் இருந்தது. பல்லாயிரம் ரூபாய்க்குக் கருவிகள் வைத்திருக்கும் நம்மில் பலருக்குக் குழாயில் வருவது எந்தத் தண்ணீர் என்பதே தெரியாது.

2019 கோடையில் செம்பரம்பாக்கம், புழல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது சென்னை பதறியது. அது அளவைப் பற்றிய பதற்றம். தன்மையைப் பற்றி அப்படிப் பதறுவதில்லை, அது ஒரே நாளில் கெடுவதில்லை என்பதால். இரண்டுக்கும் மருந்து நிலத்தில் இறங்கும் மழைதான். 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பக்கத்துத் தெருக்களில் சுற்றிப் பார்த்தால், அப்போது தோண்டிய குழிகள் பலவற்றில் மண் மூடிக் கிடக்கிறது. சிலவற்றின் மேல் கார் நிற்கிறது.

ஐப்பசி மழையின்போது மொட்டை மாடியில் ஒரு வாளியை வைத்துப் பிடித்தேன். முதல் மழையைத் தூசிக்காக விட்டுவிட்டு, அடுத்து விழுந்த தண்ணீர். அதில் குழைத்தபோது சோப்பு கேன் தண்ணீரைவிடச் சீக்கிரம் எழுந்தது. பாதி அளவு சோப்பே போதுமாக இருந்தது. கழுவியதும் முகம் இறுகவில்லை. ஒரு நகரத்தின் மேல் இலவசமாக விழும் தண்ணீர் இது. அதைத் தெருவில் ஓட விட்டுவிட்டு, கடல்நீரைச் சுத்திகரிக்க மீஞ்சூரிலும் நெம்மேலியிலும் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் திறனுள்ள ஆலைகளைக் கட்டி, அதற்கு மேலும் லாரியிலும் கேனிலும் விலைக்கு வாங்குகிறோம். ஆலைகள் வேண்டும்தான், ஆனால் அவை மழையின் இடத்தை நிரப்ப முடியாது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் பேசி, மாடித் தண்ணீர் இறங்கும் குழிகளைத் தூர் வாரி, மணலும் ஜல்லியும் மாற்றிப் போட்டோம். ஒரு மழைக்காலத்தில் ஆழ்துளைத் தண்ணீர் ஆற்றுத் தண்ணீராகிவிடாது. ஆனாலும் பெய்து ஓய்ந்த தை மாதத்தில் குழாய்த் தண்ணீரில் நுரை முன்னைவிட நின்றது. சித்திரையில் மறுபடி தளர்ந்தது. தினம் காலையில் செலவில்லாமல் இதை எனக்குச் சொல்ல ஒரு சோப்புக் கட்டி இருக்கிறது. கடினத்தன்மையை அளக்க ஆய்வகத்துக்கு அனுப்புவது நல்லதுதான். வருஷத்துக்கு ஒருமுறை அனுப்பலாம். சோப்பு தினமும் சொல்லும்.

அதனால் இந்தச் சோப்பைத் தேடி வாங்கும் தம்பிமார்களுக்கு நான் மனமாரச் சொல்வது இது. பத்து நிமிடம் முன்னதாக எழுந்திருங்கள். முகத்தை நன்றாக ஊற விடுங்கள். பிரஷ்ஷுக்குத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். பிளேடை அழுத்தாதீர்கள். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தும் நுரை நிற்கவில்லை என்றால், அடுத்த சோப்பை வாங்கக் கிளம்பாதீர்கள். உங்கள் கட்டடத்து மொட்டை மாடிக்கு ஏறி, மழைத் தண்ணீர்க் குழாய் கீழே எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அது சாக்கடையில் முடிந்தால், முதலில் அதைச் சரி செய்யுங்கள்.